ஓடெலின் மழைக்கோட்டு

இரண்டு இருபதுக்கு ஓடெல் பதில் சொல்லவில்லை.

வெர்னா பாட்டிஸ்ட் மைக்கை மறுபடி அழுத்தினாள். "ஓடெல், எல்லாம் சரிதானே? ஒரு வார்த்தை சொல்லுங்க." கரகரவென்ற இரைச்சல்தான் வந்தது. திங்கட்கிழமை என்றால் அந்த ஊரில் சிவப்பு பீன்ஸும் சோறும்தான்; அவளும் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள். அது மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது.

அந்த ஊர்ப் போலீஸில் துப்பாக்கி இல்லாத ஆட்கள் ஆறு பேர். அவர்களை மேய்க்கிற வேலை வெர்னாவுக்கு. கார்க் கண்ணாடி உடைந்தது, சைக்கிள் காணோம், பக்கத்து வீட்டுக்காரன் குப்பையை என் வாசலில் தள்ளிவிட்டான் என்றெல்லாம் அழைப்பு வந்தால், நீலச் சட்டை போட்ட இவர்களில் ஒருவர் போய் எழுதிக்கொண்டு வருவார். திருடன் போய்விட்டானா என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் வெர்னா ஆளை அனுப்புவாள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவாள். பதில் இல்லையென்றால் ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. அதற்கும் பதில் இல்லாவிட்டால் துப்பாக்கிக்காரர்களை அனுப்ப வேண்டும். அது விதி.

ஓடெல் நார்சிஸ் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு கிழவர் வீட்டுக் கொட்டகையின் பூட்டை உடைத்து, புல்வெட்டும் இயந்திரத்தை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அதை எழுதப் போயிருந்தார். அரை மணி நேர வேலை.

வாக்கிடாக்கியின் சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார், வேறொன்றும் இல்லை என்று வெர்னா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். "ஒருத்தர் வீட்டு மேஜையில உட்கார்ந்தா வாக்கிடாக்கி சத்தத்தைக் குறைச்சு வைங்க. அவங்க அழுதுக்கிட்டு இருக்கறப்ப நடுவுல அது கத்தக் கூடாது." ஆறு பேரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். ஓடெலின் கைபேசி எப்போதும்போல் காரில் கிடந்திருக்கும். கிழவரின் தொலைபேசியோ அடித்து அடித்து ஓய்ந்தது.

அந்த முகவரியின் பழைய கதையைத் திரையில் மறுபடி தேடினாள். முன்பாதி வீடு: ஒன்றுமில்லை. சற்று முன்பும் இதைப் பார்த்துத்தான் அனுப்பினாள். ஆனால் அது ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடு. பின்பாதியைத் தட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு, கிழவரின் பேரன், கைத்துப்பாக்கி, கொன்றுவிடுவேன் என்று மிரட்டல்.

பாதி வீட்டைப் பார்த்துவிட்டு முழு வீட்டுக்கு ஆளை அனுப்பியிருக்கிறாள்.

இரண்டு இருபத்தைந்து. பதில் இல்லை.

சார்ஜென்ட் ஹாஸ்கெல் கதவில் சாய்ந்து நின்றார். தபால்காரர் உடுப்பைப் போன்ற அந்த நீலச் சட்டையைக் கண்டால் அவருக்கு எப்போதும் இளக்காரம். "என்ன வெர்னா, உன் தபால்காரங்கள்ல ஒருத்தர் தொலைஞ்சுட்டாரா?"

அவள் திரையைக் காட்டினாள். அவர் சிரிப்பு நின்றது.

"அனுப்பவா?"

"அனுப்புங்க. நீலச் சட்டை நம்ம ஆளுன்னு சொல்லிடுங்க."

"சொல்லாம இருப்பேனா?" என்றபடி அவர் ஓடினார்.

அப்போதுதான் இடி இடித்தது. கோடையில் மதியமானால் கொட்டுகிற மழைதான்; யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. வெர்னா நிமிர்ந்து பார்த்தாள். நீல மழைக்கோட்டு வேண்டுமென்று மூன்று தடவை எழுதிக் கேட்டிருந்தாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மூன்று தடவையும் பதில் வந்தது. பொறுத்துப் பார்த்த ஓடெல் சொந்தக் காசில் ஒன்று வாங்கிக்கொண்டார். நீலச் சட்டையை மறைத்து முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டு.

ஆறடி மூன்றங்குலக் கறுப்பு மனிதர், கறுப்புக் கோட்டு, துப்பாக்கி இருக்கிற வீடு. போகிறவர்கள் யாரைத் தேடிப் போகிறார்களோ, அச்சு அசல் அவனைப் போலவே ஓடெல் நிற்பார்.

அவள் மைக் அந்த ஆறு பேருக்குத்தான் கேட்கும். போலீஸ்காரர்களோடு பேசும் அறை நடைக்கோடியில். பத்தொன்பது வருஷம் அங்கே உட்கார்ந்திருந்தவள்தான். இப்போது அந்த நாற்காலி ஈவெட்டுடையது. வலிக்கிற முழங்காலோடு ஓடினாள்.

"ஈவெட், எழுந்திரு!"

"மிஸ் வெர்னா, நீங்க இங்க உட்காரக் கூடாதே..."

"எழுந்திருடீ!"

ஹெட்ஃபோனைக் காதில் மாட்டியதும் இளம் போலீஸ்காரன் ஒருவனின் குரல் கேட்டது. "பின்பக்கம் ஒருத்தன் வர்றான். கறுப்புக் கோட்டு. கையில நீளமா என்னவோ இருக்கு. கீழ போடுடா! போடு!"

"சுடாதீங்க! அவர் நம்ம ஆளு! கோட்டுக்குள்ள நீலச் சட்டை. பேரு ஓடெல் நார்சிஸ். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க!"

பதில் இல்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஈவெட் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கர்த்தரே, கர்த்தரே என்று வெர்னாவின் வாய் தானாக முணுமுணுத்தது.

"மிஸ்டர் ஓடெல்?" என்றது அந்தக் குரல், சின்னப் பிள்ளையைப் போல. பிறகு: "அவர்தான். அவர்தான். ஒண்ணும் ஆகலை."

நாலு மணிக்கு ஓடெல் வந்தார். இரண்டு முழங்காலிலும் சேறு. எழுதி முடித்த தாளை மேஜையில் வைத்தார், ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருந்தது.

"பேரன் எப்பவோ ஊரை விட்டுப் போயிட்டானாம். பின்வீடு காலி. கிழவருக்குக் காது மந்தம், போன் அடிச்சது அவருக்கும் கேக்கலை, கொட்டகையில இருந்த எனக்கும் கேக்கலை. நீங்க சொன்ன மாதிரிதான் வாக்கிடாக்கிய குறைச்சு மேஜையில வெச்சேன். எழுந்தப்ப மறந்துட்டேன். திருடன் விட்டுட்டுப் போன கடப்பாரை மழையில நனையுதேன்னு எடுத்துட்டு வந்தேன்."

"உட்காருங்க, ஓடெல்."

அவர் உட்காரவில்லை. "முட்டி போடச் சொன்னாங்க. போட்டேன். அந்தப் பையன் கை நடுங்கிச்சு, மிஸ் வெர்னா. என் பஸ்ல வந்த பையன். பேரைக் கேட்ட பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்." முழங்காலில் ஒட்டிய சேற்றைத் துடைத்தார். "என் பேரைச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"அவங்களை அனுப்பினது?"

"அதுவும் நான்தான்."

ஓடெல் தலையாட்டினார். "வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி டெல்ஃபின் கேப்பா, இன்னைக்கு வேலை எப்படின்னு. இதுல எதைச் சொல்லட்டும்?"

"ரெண்டையும் சொல்லுங்க," என்றாள். கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அவர் ஈரக் கோட்டைக் கழற்றி அவள் எதிரே இருந்த நாற்காலியில் போட்டார். வெளியே மழை இன்னும் விடவில்லை. நீலச் சட்டை எல்லோருக்கும் தெரிய, நனைந்துகொண்டே தன் காரை நோக்கி நடந்தார்.