மறுப்பதென்றால் ஆங்கிலத்தில்

“இந்தச் சுத்துவட்டாரத்துக்கே ஒரே மூக்குக் கண்ணாடிக் கடை நம்மளது. நாளைக்கு அதுல யாரு உக்காருவா? உன் இங்கிலீஷ் கதைப் புஸ்தகத்துல வர்ற துரையா?”

“ஆளு வெச்சுக்கலாம்ப்பா.”

“ஆளு வெச்சா, கடையோட சேர்த்து என் மூக்குல இருக்கறதையும் கழட்டிட்டுப் போயிடுவான்!”

“மெதுவா பேசுங்க,” என்றாள் மனைவி. “மாடி வீட்டுல டிவி சத்தத்தைக் குறைச்சுட்டாங்க.”

குறைத்தது உண்மைதான். கண்ணாடிக்காரர் வீட்டுச் சண்டைக்கு முன்னால் எந்தத் தொடரும் நிற்காது. பேச்சிலேயே ஆளை மடக்குகிறவர் அவர். கறுப்பு ஃபிரேம் கேட்டு வந்தவர் தங்க நிறத்தில் மாட்டிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போவார். அப்பேர்ப்பட்டவருக்கு, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள் கண் பரிசோதனைப் படிப்பு வேண்டாம், கல்லூரியில் ஆங்கிலமும் வேற்று மொழிகளும் படிக்கப்போகிறேன் என்றது தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

அந்தக் கல்லூரியில் மதிப்பெண் மட்டும் போதாது. நேர்காணலில் ஆங்கிலத்தில் வாதாடவும் வேண்டும். மனைவி மருத்துவமனை வரவேற்பு மேசையில் நாளெல்லாம் ஆங்கிலம் பேசுகிறவள். அன்றே சட்டம் போட்டுவிட்டாள்.

“நேர்காணல் முடியற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள இங்கிலீஷ்தான். நீங்க வேண்டாம்னு சொல்றதா இருந்தாலும் அதுலயே சொல்லுங்க.”

“பூ, இவ்வளவுதானா!” கண்ணாடிக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். “ஐ ஆம் யுவர் ஃபாதர்!”

“யெஸ்,” என்றாள் மகள் பணிவாக.

அதோடு வண்டி நின்றுவிட்டது. அடுத்த வாக்கியம் வருமென்று இருவரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். வரவில்லை. அவர் தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

வீடு அமைதியானதும் தெருவுக்குத்தான் தூக்கம் போயிற்று. அவருக்குத் தொண்டையில் கட்டி என்றார்கள் சிலர். பிரியப்போகிறார்கள் என்றார்கள் சிலர். மாடிவீட்டு அம்மாள் பொறுக்க முடியாமல் தீப்பெட்டி கேட்கும் சாக்கில் இறங்கி வந்தாள். மனைவி நடந்ததை எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தீப்பெட்டியை மறந்து படியேறினாள்.

மகளிடம் தோற்றிருந்தால்கூடக் கண்ணாடிக்காரர் ஆறியிருப்பார். ஒரு பாஷையிடம் தோற்பதா? பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லிப் பார்வை சோதிக்க, பத்திபத்தியாக எழுத்து சிறுத்துக்கொண்டே போகும் ஆங்கில அட்டை ஒன்று கடையில் இருந்தது. ஊரையெல்லாம் படிக்கச் சொன்னவர், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தார். அட்டை முடிந்ததும் மகளின் பழைய பாடப் புத்தகங்கள் கடைக்கு இடம்பெயர்ந்தன. பேசிப் பழக வாடிக்கையாளர்கள்தான் அகப்பட்டார்கள்.

“அண்ணே, மறைக்காம சொல்லுங்க,” என்று ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். “பெரிய வியாதியா? திடீர்னு இங்கிலீஷ்ல பேசறீங்களே!”

பிறகு வீட்டில் மறுபடி சண்டை மூண்டது, இந்த முறை ஆங்கிலத்தில். தினம் சாப்பாட்டு நேரத்தில் புதிதாக ஒரு ஆட்சேபணை கொண்டுவருவார். மகள் அதை உடைப்பாள். அவர் வார்த்தைக்குத் தவித்தால் மனைவி எடுத்துக் கொடுப்பாள். அவள் எந்தக் கட்சி என்று கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை.

ஒருநாள் அவர் கேட்டார்: கடைக்கு வந்தவன் போகும்போது உலகம் தெளிவாகத் தெரிகிறது. நீ இதைப் படித்தால் யாருக்கு என்ன தெரியும்?

ஆங்கிலம் கொஞ்சம் நொண்டியது, கேள்வி நொண்டவில்லை. மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். ஜெயித்தவருக்குச் சோறு இறங்கவில்லை.

நேர்காணலுக்கு அவர்தான் கூட்டிப்போனார். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. போச்சு என்று நினைத்தார். ‘நல்லதுக்குத்தான்’ என்று நிம்மதியாகச் சாயவேண்டியவர், எழுந்து கதவருகே போய் நின்றார்.

மகள் வெளியே வந்தாள். சட்டம் முடிந்த சந்தோஷத்தில் தமிழ் கொட்டியது.

“இடம் கிடைச்சாச்சுப்பா! நீங்க அன்னைக்குக் கேட்ட கேள்வியையே அவங்களும் கேட்டாங்க.”

“கேட்டாங்களா? நீ என்ன சொன்னே?”

“எங்கப்பா என்கூடச் சண்டை போடவே ஒரு பாஷை கத்துக்கிட்டாரு. முன்னெல்லாம் நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கத்துவாரு. இப்ப நான் சொல்லி முடிக்கற வரைக்கும் காத்திருக்காரு, அப்பதானே அவருக்குப் புரியும்! பாஷையால அவ்வளவு ஆகும்னா எனக்கு அது போதும்னு சொன்னேன்.”

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசு ஒன்றும் இல்லை.

தெருவில் அவர் சொன்னது வேறு. “பேராசிரியர்கள் கேட்டதே என் கேள்விதானே! சீட்டு வாங்கினதே நான்தான்னு வெச்சுக்குங்களேன்.”

கண் பரிசோதனைப் படிப்பை மாடிவீட்டு அம்மாளின் பெண் படித்தாள். கடையில் இப்போது அவள்தான். தினமும் அவளோடு கீழ்வீட்டுச் செய்திகளும் பழுதில்லாமல் மாடிக்குப் போகின்றன. மகள் படித்து முடித்து, கடல் தாண்டி வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். மாப்பிள்ளைக்குத் தமிழும் வராது, ஆங்கிலமும் அரைகுறைதான்.

கண்ணாடிக்காரர் மாப்பிள்ளையின் அந்த மூன்றாவது பாஷையில் பார்வை சோதிக்கும் அட்டை ஒன்று வரவழைத்து வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால், “மாப்பிள்ளையை ஒரு தடவையாவது முறையா திட்ட வேண்டாமா?” என்கிறார்.