சேவல் கூவும் இடம்

எலோஃப் ஆற்றோடு போய்ப் பதினோரு நாளாயிற்று. மலையடியில், மிதந்து வந்த மரக்கட்டைகள் நெரிசல் கட்டிக்கொள்ள, பிரித்துவிடக் கொக்கிக் கழியோடு இறங்கியவன் ஏறவில்லை. அவன் பெண்டாட்டி சிங்ஹில்டுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: புதைக்க ஓர் உடல். கடலுக்குள் போய்விட்டால் அதுவும் இல்லை.

அதற்காகத்தான் படகில் சேவல். மூழ்கிக் கிடப்பவன் மேல் படகு போனால் சேவல் கூவும்; அங்கே கொக்கியைப் போட்டு இழுத்தால் உடல் கிடைக்கும். அந்த ஆற்றங்கரையில் பிறந்த யாரும் இதைச் சந்தேகப்பட்டதில்லை. துடுப்புப் போட்டவன் எலோஃபின் தம்பி வால்ஃப்ரித்.

ஆறு முதலில் போய் விழும் ஏரியை மூன்று நாள் சலித்தார்கள். சேவல் பார்லியைத் தின்றது, எச்சமிட்டது, வாயைத் திறக்கவில்லை. பாழாய்ப்போன சேவல்! வீட்டில் இருந்தவரை ஊரையே தூங்கவிடாத சனியன் அது. நுரைத்துப் பாயும் இடங்களில் படகை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து, தண்ணீர் தேங்கும் மடுக்களில் எல்லாம் இறக்கினார்கள். வென்னேஸ் என்ற இடத்தில் ஆறு பெரிய ஆற்றோடு கலந்தது. கரைகள் விலக விலக, சிங்ஹில்ட் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை அகலத்தில் ஒரு மனுஷனை எங்கே என்று தேடுவது?

“அண்ணி, ஒரு வாய் காப்பியாவது குடிங்க. ரெண்டு நாளா பல்லுல பச்சத் தண்ணி படல.”

“சேவலுக்குத் தீனி போட்டியா?”

“அதுக்கென்ன, கொழுத்துக் கெடக்கு. இப்படியே போனா நாம படுத்துக் கெடப்போம், அது துடுப்புப் போடும்.”

அவள் சிரிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கடைசிக் கட்டைவேலிக்கு வந்து சேர்ந்தார்கள். மிதந்து வரும் கட்டைகள் கடலுக்குப் போகாமல் தடுக்க, சங்கிலியில் கோத்த மரங்கள் ஆற்றை மறித்துக் கிடந்தன. அதற்கு அந்தப் பக்கம் கடல். சிங்ஹில்ட் சேவலின் கூடையைக் கட்டிக்கொண்டாள்.

“கூவித் தொலையேன்டா! உன் கால்ல விழுறேன். ஒரே ஒரு தடவ கூவேன்டா!”

அந்த அழுகையை வால்ஃப்ரித்தால் தாங்க முடியவில்லை. செத்தவன் அவனுக்கு அண்ணன்தானே. தீனி போடுகிற சாக்கில் கூடைக்குள் கையை விட்டான். சேவல் அலறியது.

“அண்ணி, கூவிடுச்சு! இங்கதான், இங்கதான்!”

சிங்ஹில்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

“நீ வாலப் பிடிச்சு இழுத்தத நான் பாத்தேன் வால்ஃப்ரித்.”

அவன் கூடைக்குள்ளிருந்து கையை எடுத்தான்.

“பரவால்ல,” என்றாள். “கொக்கியப் போடு.”