பத்தடி முன்னால் போகிறவர்

புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள். இன்றைக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: சின்னச்சாமி. ஊரில் நல்ல மனுஷன் என்று பேர். கோயில் கமிட்டி ஐந்து பேரில் ஒருவர். முப்பத்தொரு வருஷமாக எனக்குப் பத்தடி முன்னால் நடக்கிறவர். சந்தைக்கானாலும் சாவு வீட்டுக்கானாலும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் போயிருக்கிறேன்.

சித்திரையில் முட்டி வீங்கி ராமநாதபுரத்து டாக்டரிடம் போனேன். "மேடு பள்ளம் வேணாம், சமதரையில மெதுவா நடங்கம்மா" என்றார். மதுரையில் இருக்கும் எங்கள் மகள் மாரிச்செல்விதான் யோசனை சொன்னாள். கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி நல்ல ரோடு, ஏற்றமே கிடையாது, அப்பாவும் நீயும் மூன்று நாள் இருந்து நடந்துவிட்டு வாங்க என்றாள். அறைக்கும் அவளே சொல்லிவைத்தாள்.

"நம்ம கண்மாயில இல்லாததா?" என்றார் இவர்.

"கண்மாயில இப்ப ஆடுதான் மேயுது. எனக்குத் தண்ணியப் பாத்துக்கிட்டு நடக்கணும். நீங்க பக்கத்துல நடக்கணும். வேற ஒண்ணும் கேக்கலை."

"சரி, போவம்டி."

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். முதல் நாள் பாதிச் சுற்று, நடுவில் ஒரு டீ. மறுநாள் முழுச் சுற்று. "அங்கன ரொம்பக் குளிருமோ?" என்று கேட்டு, எனக்குச் சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று வாங்கிவந்தார். ஐம்பத்திரண்டு வயசில் எனக்கு வெட்கம் வந்தது, சொன்னால் சிரிப்பீர்கள்.

ஒரே ஒரு தடைதான். முளைப்பாரித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள், திருவிழா முடியும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. கையில் காப்புக் கட்டிக்கொள்ளும் கமிட்டிக்காரர்கள் எல்லைக் கல்லையே தாண்டக் கூடாது. அதனால் முதலிலேயே கேட்டேன்.

"நாம போயிட்டு வந்த பெறகுதான் காப்பு. புதன் போயி வெள்ளி வந்துருவோம்" என்றார். கமிட்டிக்காரரே சொன்ன பிறகு வேறு யாரைப் போய்க் கேட்பேன்?

செவ்வாய்க்கிழமை காலையில் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். கோயில் மைக் சொன்னது: "இன்று மாலை ஆறு மணிக்குக் காப்புக் கட்டு."

இவர் கண்ணாடி முன்னால் முகம் மழித்துக்கொண்டிருந்தார். திரும்பவேயில்லை. "நேத்துக் கூட்டத்துல முடிவு பண்ணிட்டாங்க. சாமி காரியம், நான் என்ன செய்ய?" என்றார். சாமி காரியம் என்றால் என்ன பேசுவது? பையைப் பிரித்துவைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

அங்கே சோலையம்மாள் நின்றாள். அவள் வீட்டுக்காரரும் கமிட்டிதான்.

"ஏங்க்கா, எல்லாரும் அடுத்த வாரம்னுதான் சொன்னாங்களாம். அண்ணந்தான் இந்த வாரமே வைங்கன்னு ஒத்தக்கால்ல நின்னாராம். இல்லாட்டி எம்பொண்டாட்டி கையப் புடிச்சு ஏரியச் சுத்த வச்சிருவான்னாராம். அங்கன ஒரே சிரிப்பாம்!"

சிரித்துக்கொண்டே சொன்னவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அட பாவி மனுஷா! வரலை என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பேனே. குளிருமோ என்று கேட்டு, ஸ்வெட்டர் வாங்கிக்கொடுத்து, நம்பவைத்துக் கழுத்தறுத்தாரே. சாமியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாரே. வீட்டுக்கு வந்து வழக்கம்போலச் சோறு வடித்தேன், குழம்பு வைத்தேன்.

ஐந்து மணிக்கு அவர் குளித்து வேட்டி மாற்றிக் கோயிலுக்குப் போனார். நான் பையைத் திரும்பக் கட்டினேன். கண்மாய்க் கரை சமதரைதான். மெதுவாக நடந்தேன். எல்லைக் கல்லைத் தாண்டி, ரோட்டோரம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் ஊருக்குள் கொட்டுச் சத்தமும் குலவையும் கேட்டன. காப்புக் கட்டியாயிற்று. நான் வெளியே இருந்தேன்.

யாரோ சொல்லியிருப்பார்கள். இவர் ஓடிவந்தார். எல்லைக் கல்லில் பிரேக் போட்டது மாதிரி நின்றார். கையில் மஞ்சள் கயிறு ஈரமாக இருந்தது.

"ஏய் அமுதா! இங்கன வாடி. ஊரு என்ன பேசும்?"

"ஊருகிட்ட சிரிக்கச் சிரிக்கப் பேசுனீகள்ல? எங்கிட்ட வரலைன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரலையா?"

அவர் கயிற்றைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு குரல் இறங்கியது.

"முட்டி வலிக்கும்டி. தனியா எப்படி நடப்ப?"

"இத்தன வருசமும் தனியாத்தான நடந்தேன்? நீங்க முன்னால போனீங்க, அம்புட்டுத்தான்."

மதுரை பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். அவர் அந்தக் கல்லை ஒட்டியே நின்றார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் எனக்குப் பின்னால் இருந்தார். சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஸ்வெட்டரை மடியில் போட்டுக்கொண்டு, மதுரை வரைக்கும் அழுதேன்.