ஜூலை மாதத்தில் ஓடிய பம்ப்செட்

போதைமருந்து வழக்கைப் பற்றிய அந்தத் தடித்த புத்தகத்தை நுன்சியா பலெர்மோ நகரத்தில் வாங்கினாள். அட்டை தெரியாமல் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டுதான் பேருந்தில் ஏறினாள். மாஃபியா என்று அச்சடித்த எதையும் அவள் ஊர்ப் பேருந்தில் யாரும் விரித்துப் படிப்பதில்லை.

அவள் தேடியது ஒரே ஒரு பெயரை. கஸ்பாரே, அவள் அப்பா. எலுமிச்சைத் தோப்புகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிட்டவர். ஊருக்கு வெளியே ஒரு தோப்பு வீட்டில் ஹெராயின் காய்ச்சியதைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தார் என்று சொல்லி, அவள் சிறுமியாக இருந்தபோது மதகடியில் சுட்டுப் போட்டார்கள். சவப்பெட்டி தெருவில் போன அன்று அம்மா இக்னாசியா துக்கத்துக்கான கறுப்பை உடுத்தாமல், பூப்போட்ட மஞ்சள் கவுன் உடுத்திப் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கும் இவனுக்கும் ஒட்டில்லை, உறவில்லை என்று ஊருக்குக் காட்ட அதுதான் வழி. கல்லறையில் இன்றுவரை அவர் படம் இல்லை. பதித்தால் உடைத்துவிடுவார்கள்.

சனிக்கிழமை மதியம் அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நுன்சியா எதிரில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தாள்.

"எதுக்குடி செத்த பாம்பை அடிக்கிற?"

"கேளும்மா. போலீசுக்குச் சொன்னது யாருன்னு போட்டிருக்கு."

"உங்கப்பன்தான். ஊருக்கே தெரியும்."

"யாருமே சொல்லலம்மா. தவளை சொல்லியிருக்கு."

அம்மாவின் விரல் நின்றது.

புத்தகம் நிதானமாகத்தான் விளக்கியிருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை என்றாலும். எலுமிச்சை குளிர்காலத்தில் காய்ப்பது. அதைக் கோடையில் காய்க்க வைக்க ஒரு தந்திரம் உண்டு. ஜூன், ஜூலையில் தோப்புக்குச் சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. மண் வெடிக்கும், இலை சுருட்டு மாதிரி சுருளும், மரம் செத்தே போகிறதோ என்று தோன்றும். அந்த நேரம் பார்த்து வெள்ளமாகப் பாய்ச்ச வேண்டும். மிரண்டுபோன மரம் பருவம் தப்பிப் பூத்துத் தள்ளும். மறுவருடக் கோடையில், வேறு எங்கும் எலுமிச்சை கிடைக்காத நேரத்தில், பச்சைக் காய் சந்தைக்கு வரும். அதனால் ஜூலையில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பம்ப்செட்கூட ஓடாது.

ஹெராயின் காய்ச்சும் கலங்களுக்கோ குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பாய்ந்து சூடான தண்ணீரை எங்காவது விட்டாக வேண்டும், வாய்க்காலில் விட்டார்கள். எலுமிச்சைக்காரர் மகனான ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் போனார். ஊரெல்லாம் இலை சுருண்டு கிடக்க, ஒரு தோப்பில் மட்டும் பம்ப் ஓடியது. வாய்க்காலோரம் புதினா தளதளவென்று நின்றது. தவளை கத்தியது. அவர் வண்டியை நிறுத்தினார்.

திரும்பிப் போகிற வழியில் தண்ணீர்க்காரர் கஸ்பாரேயிடம், அங்கே யார் பாய்ச்சுவது என்று கேட்டார். 'எனக்குத் தெரியாது' என்றார் அவர். இருவரும் பேசிக்கொண்டு நின்றதை யாரோ பார்த்திருந்தார்கள்.

"பம்பை ஓட்டினது யாரு?" என்றாள் அம்மா.

நுன்சியா அடுத்த பக்கத்தைப் படித்தாள். போலீசார் ஒரு காரில் ஒளித்துவைத்த ஒலிவாங்கியில் பதிவான பேச்சு அது. 'பம்பை நிறுத்து, ஜூலை மாசம், ஊரே பாக்கும்னு கஸ்பாரே தலைதலையா அடிச்சுக்கிட்டான். நான்தான் கேக்கல. அப்புறம் எவன் தலையிலயாவது போடணும் இல்ல?' பேசியவன் பெயர் ரொசாரியோ.

அம்மாவின் அண்ணன். கறுப்பு உடுத்தாதே, பிள்ளைகள் உயிரோடு இருக்க வேண்டுமானால் மஞ்சளை எடுத்துப் போடு என்று சொன்னவர். அந்த வழக்கில் சிறைக்குப் போய்த் திரும்பிய பிறகும் ஞாயிறுதோறும் இந்த மேசையில் சாப்பிடுகிறவர்.

"கோர்ட்ல இதை எல்லார் முன்னாடியும் வாசிச்சிருக்காங்கம்மா. வக்கீலுக்குத் தெரியும், தலைவனுங்களுக்குத் தெரியும். செத்தவனுக்காக எவன் வாயைத் திறப்பான்?"

அம்மா எழுந்தாள். உரித்த அவரையைக் குப்பையில் கொட்டினாள்.

மறுநாள் ரொசாரியோ மாமா வழக்கம்போல் இனிப்புப் பெட்டியோடு படியேறினார். கதவைத் திறந்த தங்கை தலை முதல் கால் வரை கறுப்பில் நின்றாள்.

"ஐயோ, யாரு போயிட்டா?"

"என் புருஷன்."

மாமா சிரித்தார். "புத்தி பேதலிச்சிருச்சா? முதல்ல காபி போடு."

"துக்க வீட்ல அடுப்பு மூட்டக் கூடாது. உனக்குத் தெரியாததா? சொந்தபந்தம்தான் சாப்பாடு கொண்டுவரணும்."

அவர் அவள் தோளுக்கு மேலே மேசையைப் பார்த்தார். செய்தித்தாள் உரிக்கப்பட்ட புத்தகம் அங்கே கிடந்தது.

"நுன்சியா, நீயாவது சொல்லும்மா. கண்டவன் எழுதினதை எல்லாம்…"

"நீங்க பேசினதைத்தான் எழுதியிருக்கான் மாமா."

மாமா குரலைத் தாழ்த்தினார். "இக்னாசியா, தெரு பாக்குது. உள்ள போய் உடுப்பை மாத்து."

"பாக்கட்டும். அன்னிக்கு மஞ்சளைப் பாத்தாங்க இல்ல?"

அவர் பெட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கினார். எதிர்வீட்டு ஜன்னல் மெதுவாகச் சாத்தப்பட்டது, பிறகு அதற்கடுத்தது.

அம்மா கதவை அகலத் திறந்து வைத்து, வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். துக்க வீட்டுக்கு ஊர் சாப்பாடு கொண்டுவரும் வழக்கம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறவள் போல.

மாலைவரை ஒருவரும் வரவில்லை. படியில் பெட்டியை எறும்பு மொய்த்தது. நுன்சியா பழைய ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து அம்மா கையில் கொடுத்தாள்.