சூளைக்குத் தெற்கே ஒரு குளம்

மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கண்மணி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். கூடத்தில் இருப்பது ஒரே ஒரு பெரிய மேசை. அதன் மேல் சீனா கிடந்தது.

"அக்கா, இதைக் கொஞ்சம் ஓரமா நகத்தி வச்சுட்டா..."

"அதுல கை வைக்காதே. சோஃபா மேல வை," என்றாள் சந்திரா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே எரிச்சலாக இருந்தது. அதில் கை வைக்காதே என்பது அவள் கணவர் உமாபதியின் வசனம். எட்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவள் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வசனம் மட்டும் வீட்டில் இருக்கிறது.

வெளியே தெருவில் கார்னிவல் மேளம். ஜெர்மனியில் பான் நகரத்துக்கே அந்தத் திருவிழா வாரம் பைத்தியம் பிடித்திருந்தது. மூக்கில் சிவப்பு உருண்டையை மாட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தார்கள். சவப்பெட்டிக்காரர்கூட, கார்னிவல் முடிந்தபின் அடக்கத்தை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று இழுத்துப் பார்த்தார். செத்தவர் கார்னிவல் பார்த்தா சாவார் என்று சந்திரா ஜெர்மன் மொழியில் கேட்டதும் மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

சந்திரா இன்னும் அழவில்லை. கண்மணிக்கு அதுதான் கவலை. மதுரைக்காரப் பெண், கணவனோடு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. துக்க வீடென்றால் அழுகை இருக்க வேண்டும் என்று நினைப்பவள். அழுதுவிடுங்கள், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சந்திராவின் மனசில் அழுகை இருந்தால்தானே வெளியே வர. அங்கே இருந்தது கோபம். செத்தவர் மேல்தான் முதல் கோபம்.

மேசை மேல் கிடந்தது லின்தாங் என்ற கம்யூன். சீனாவில் பத்துப் பன்னிரண்டு ஊர்களைச் சேர்த்துக் கட்டி அப்படிப் பெயர் வைத்திருந்தார்கள். நம்ம ஊர்ப் பஞ்சாயத்து யூனியன் மாதிரிதான், ஆனால் வயல், மாடு, ஏர், சூளை எல்லாம் அதன் கையில் என்று உமாபதி விருந்தாளிகளுக்கு விளக்குவார். வடக்கே ஆறு, அதற்கு மண்கரை. மேற்கே தேயிலைக் குன்று. நடுவே பள்ளத்தில் நெல். கரை ஓரத்தில் பட்டுப்புழுவுக்கு முசுக்கொட்டைச் செடி. எந்தப் பிரிவுக்கு எந்த மதகிலிருந்து தண்ணீர், எந்த ஊரின் நெல் எந்தக் கிடங்குக்குப் போகும், எல்லாம் சுண்ணாம்புச் சாந்திலும் மரத்தூளிலும் செய்து வர்ணம் பூசி வைத்திருந்தார். அந்த மேசையில் ஒருநாளும் யாரும் சாப்பிட்டதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அந்த ஊரை உமாபதி பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்தக் கதவு சீனாவோடு சண்டை நடந்த வருஷமே மூடிவிட்டது. மாகாணச் செய்தித்தாள், வானொலிச் செய்தியின் மொழிபெயர்ப்பு, ஹாங்காங்குக்குத் தப்பி வந்தவர்களிடம் யாரோ எடுத்த பேட்டி, பாதிரியார் ஒருவர் எந்தக் காலத்திலோ வரைந்த படம், இவ்வளவுதான் அவர் கையில். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹெல்விக் இந்த ஒரு கம்யூனைக் கொடுத்து, இதன் நிலம், நிர்வாகம், பிழைப்பு மூன்றையும் கண்டுபிடி என்றார். கும்பகோணத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்த மனிதர் அதற்குள் இறங்கினார். பிறகு ஏறவே இல்லை. சென்னையில் வேலை வந்தது. இன்னும் ஒரு வருஷம் என்றார். சந்திராவின் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். இன்னும் ஆறு மாசம் என்றார். அப்பா அத்தனை மாசம் காத்திருக்கவில்லை.

எல்லாம் அந்தக் குளத்தால் வந்தது.

லின்தாங்கில் பன்றிகள் அதிகம். செய்தித்தாளில் போட்டிருந்த கணக்குப்படி அத்தனை பன்றிகளுக்கு அந்த ஊரின் தவிடு போதவே போதாது. கணக்கு பொய், சீனாக்காரன் அளக்கிறான் என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். உமாபதி ஒப்புக்கொள்ளவில்லை. சூளை இருக்கிறது, சூளைக்கு மண் வெட்டியிருப்பான், வெட்டிய இடம் பள்ளமாகியிருக்கும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், தண்ணீரில் ஆகாயத்தாமரையை வளர்த்துப் பன்றிக்குப் போடுகிறான் என்றார். எந்தப் படத்திலும் அப்படி ஒரு குளம் இல்லை. செங்கல் படகில் போவதால் சூளை வாய்க்காலை ஒட்டித்தான் இருக்கும், ஆகவே குளம் சூளைக்குத் தெற்கே என்று இடத்தையும் குறித்தார். கூட்டத்தில் சிரித்தார்கள். உங்கள் தஞ்சாவூரைக் கொண்டுபோய்ச் சீனாவில் வைக்காதீர்கள் என்று ஹெல்விக் முதுகில் தட்டினார்.

அன்றைக்குத்தான் ஊரிலிருந்து அப்பா இறந்துபோன தந்தி வந்தது. உமாபதி அதைப் படித்துவிட்டு, ஐயோ பாவம் என்று சொல்லி, அதே மூச்சில் குளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சந்திரா மேசையில் ஓங்கி அறைந்தாள். நீலக் கண்ணாடி வளையல் நொறுங்கி நெல்வயலெல்லாம் சிதறியது. கை கிழிந்து ரத்தம் வந்தது. அவர் கட்டுப்போட்டுவிட்டார். காலையில் பார்த்தால், சூளைக்குத் தெற்கே சாந்தில் பள்ளம் தோண்டி, வளையல் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கிக் குளமாக்கியிருந்தார். வடை அளவுக்கு ஒரு குளம். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் அப்படிச் செய்தாரா, அல்லது நீலம் கிடைத்தது லாபம் என்று செய்தாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

போன வருஷம் ஜெர்மன்காரர்களுக்குச் சீனாவின் கதவு திறந்தது. ஹெல்விக் ஒரு குழுவோடு போனார். உமாபதி வரைந்து கொடுத்த படம் அவர் பெட்டியில் போனது. உமாபதி ரயில் நிலையம் வரை போனார். அக்டோபரில் ஹெல்விக் திரும்பி வந்ததும் முதல் ஆளாகப் போய் நின்று, குளம் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு பேசலாம் என்றார் ஹெல்விக். நவம்பரிலும் அதே பதில். கிறிஸ்துமஸுக்கு உமாபதியின் கையைக் குலுக்கி ஒரு கேக் கொடுத்தார். குளத்தைப் பற்றிப் பேச்சில்லை. இல்லை போலிருக்கிறது, சொல்ல மனமில்லாமல் இழுக்கிறார் என்று உமாபதி தானாகவே முடிவுக்கு வந்தார். அதன் பிறகு மேசைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். சோறு பாதிக்கு மேல் இறங்கவில்லை. எட்டு வருஷத்தையும் அந்தச் சிரிப்பையும் நினைத்து இரவெல்லாம் புரண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, "இன்னைக்கு உக்காந்து கேட்டுடறேன். இல்லைன்னாலும் இல்லைன்னு சொல்லட்டுமே," என்று சொல்லிவிட்டுப் போனார். ட்ராம் நிறுத்தத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வாசல் மணி அடித்தது. ஹெல்விக்கும் குருமூர்த்தியும் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக் கூடத்துக்கு அவளை அழைத்துப் போகக் கார் கீழே நின்றது. குருமூர்த்தி திருச்சிக்காரன், அதே ஆய்வுக்கூடத்தில் ஹெல்விக்கிடம்தான் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. உமாபதிக்குப் பிள்ளை இல்லை என்பதால், செய்ய வேண்டியதைத் தம்பி முறையில் குருமூர்த்தி செய்யட்டும் என்று தூதரகத்தில் வேலை பார்க்கும் சிதம்பரம் சொல்லியிருந்தார். சந்திராவும் சரி என்றிருந்தாள்.

ஹெல்விக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேசையருகே போனார். வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர்போல மெல்லச் சொன்னார்:

"எல்லாம் சரி, திருமதி உமாபதி. மதகுகள்கூட. குளம் அங்கேதான் இருக்கிறது, சூளைக்குத் தெற்கே. நான் அதன் கரையில் நின்றேன்."

ஆறுதலுக்கென்று சொன்னார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்துப் பார்த்து ஜெர்மன் மொழி சந்திராவுக்கு நன்றாகவே வரும். தப்பாகப் புரிந்துகொள்ள வழியில்லை.

இதை ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். புத்தகம் இன்னும் அச்சில் இருக்கிறது, அதற்குள் வெளியே தெரிந்தால் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள், வெளியீட்டு விழாவில் மேடையில் வைத்துச் சொல்லி அவரை மகிழ்விக்க நினைத்தேன் என்றார் ஹெல்விக். நன்றியுரையில் உமாபதியின் பெயர் கட்டாயம் இருக்கும் என்றும் சொன்னார். முன்னட்டையில் யார் பெயர் என்று அவள் கேட்கவில்லை.

அவள் குருமூர்த்தியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"அங்க எடுத்த ஸ்லைடு படத்துல பாத்தேன் அண்ணி. புரொஃபசர் யார்கிட்டயும் சொல்ல வேணாம்னுட்டார். என் தீசிஸ் அவர் கையிலதான இருக்கு..."

"அவர் உன்கிட்ட குளத்தைப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டார்."

"என்ன சொன்னே?"

குருமூர்த்தி கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டான்.

"தெரியலைன்னேன்."

அக்டோபரிலிருந்து எத்தனை ஞாயிற்றுக்கிழமை. ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள் அண்ணி என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டிருக்கிறான். எதிரே உட்கார்ந்து அந்த மனிதர் சோற்றை அளைந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறான். பேராசிரியருக்காவது புத்தகம். இவனுக்கு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை இவன் வாயில் வந்திருந்தால் அவர் அந்த ட்ராம் நிறுத்தத்துக்கே போயிருக்க வேண்டாம். அடப்பாவி என்று அவளுக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லிவிட்டால் கோபம் கொஞ்சம் இறங்கிவிடும். அவளுக்கு அது இறங்க வேண்டாம்.

கிளம்பும் நேரத்தில் ஹெல்விக் தொண்டையைச் செருமிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். மேசை மேலிருக்கும் இந்த மாதிரி வடிவத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்க முடியுமா? முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாப்பார்கள். விழாவுக்கு வருகிறவர்களும் பார்க்கலாம்.

சந்திரா சமையலறைக்குப் போனாள். ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய்க் கத்தியோடு திரும்பினாள். கண்மணி பயந்துபோய் "அக்கா" என்று கையைப் பிடிக்க வந்தாள். சந்திரா அவளை விலக்கிவிட்டு மேசை மேல் குனிந்து, சூளைக்குத் தெற்கே கத்தி முனையைக் கொடுத்து நெம்பினாள். சாந்து பிளக்கும் சத்தம் கேட்டது. வாய்க்கால் ஓரம் கொஞ்சம் உதிர்ந்தது. குளம் முழுசாகக் கையில் வந்தது. லின்தாங்கில் அந்த இடத்தில் அடிப்பலகை தெரிந்தது.

"நாளைக்கு வண்டி அனுப்புங்கள், எடுத்துக்கொண்டு போங்கள்," என்றாள் ஜெர்மன் மொழியில். "குளம் உங்களுக்கு வேண்டாம். அது எங்கே இருக்கிறதென்று உங்கள் இருவருக்கும்தான் தெரியுமே."

ஹெல்விக் அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடி நின்றார். சந்திரா குளத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்து எவர்சில்வர் சம்படத்தை எடுத்தாள். கடையில் வாங்கிய பாக்கெட் அரிசிதான், கண்மணி காலையிலேயே அதில் கொட்டி வைத்திருந்தாள். மூடியை அழுத்தி மூடிக்கொண்டு படியிறங்கினாள். வழியில் ஊர்வலத்துக்காக நிற்க வேண்டி வந்தது. கோமாளி ஒருவன் கார்க் கண்ணாடியில் தட்டி மிட்டாய் எறிந்துவிட்டுப் போனான்.

கல்லறைத் தோட்டத்துக் கூடம் குளிர்ந்து கிடந்தது. தமிழ்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கடன் வாங்கிய கறுப்புக் கோட்டுகளில் நின்றார்கள். இங்கே நெருப்பு வைக்க விடமாட்டார்கள். பெட்டியை வேறு ஊருக்குக் கொண்டுபோய் எரித்துச் சாம்பலை அனுப்பிவைப்பார்கள். வாய்க்கரிசி ஒன்றுதான் மிச்சம். அதற்காகப் பெட்டியைத் திறக்கச் சொல்லிச் சிதம்பரம் முன்பே பேசி வைத்திருந்தார். சவப்பெட்டிக்காரர் மூடியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார்.

உமாபதிக்குக் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். தலையை யாரோ தப்பான பக்கம் வகிடெடுத்து வாரியிருந்தார்கள்.

"குரு, நீ வந்து முதல்ல போடுப்பா. தம்பி முறை," என்றார் சிதம்பரம்.

குருமூர்த்தி ஓரடி வைத்தான். அதற்குள் சந்திரா முன்னால் போய்விட்டாள். அரிசியை எடுத்து அவர் உதட்டில் மூன்று முறை போட்டாள். பிறகு வகிட்டை விரலால் சரிசெய்தாள். கோட்டுப் பையிலிருந்து குளத்தை எடுத்து, துணியை விலக்கி, கோத்து வைத்திருந்த கைகளுக்கு அடியில் கண்ணாடிப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தாள். கூடத்து விளக்கில் அது நீலமாக மின்னியது. அவர் காதருகே குனிந்தாள்.

"இருக்குதாம். சூளைக்குத் தெக்கே, நீங்க சொன்ன அதே எடத்துல. இப்ப வந்து சொல்றானுங்க."

நிமிர்ந்து சம்படத்தைக் கண்மணியிடம் நீட்டினாள். கண்மணி அரிசி போட்டாள், சத்தமில்லாமல் அழுதாள். அடுத்துச் சிதம்பரம், அவருக்குப் பின்னால் பிள்ளைகள் ஒவ்வொருவராக. தெரியாதவர்களுக்கு எப்படி எடுக்க வேண்டும், எப்படிப் போட வேண்டும் என்று சந்திராவே சொல்லிக்கொடுத்தாள். ஹெல்விக் கடைசி வரிசையில் தொப்பியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போட்டு முடித்த பிறகு குருமூர்த்தி வந்தான். முகம் வீங்கியிருந்தது. அவள் முன்னால் வந்து நின்று வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினான்.

சந்திரா அந்தக் கையைப் பார்த்தாள். சம்படத்தின் மூடியை வைத்து அழுத்தினாள்.

"அரிசி தீந்துபோச்சு," என்றாள்.

சவப்பெட்டிக்காரர் இருபக்கமும் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடித் திருகாணியை முடுக்க ஆரம்பித்தார். குருமூர்த்தி நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றான். சந்திரா சம்படத்தை இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். அவள் வைத்த ஒவ்வொரு அடிக்கும் உள்ளே அரிசி குலுங்கியது. அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.