வாடையே இல்லை

பெட்டியின் பின்கதவைத் திறந்தபோது மருமகளுக்கு முதலில் பெருமை பொங்கிக்கொண்டுதான் வந்தது. மூக்கை எவ்வளவு கிட்டே கொண்டுபோனாலும் வாடையே இல்லை.

அந்தத் தெரு முழுக்கப் பாறை. குழி தோண்டினால் கடப்பாரைதான் வளையும். சாக்கடைக் குழாய் மேட்டுக்கு ஏறாது, தண்ணீரும் லாரியில் வந்தால் உண்டு. அவள் வேலை பார்க்கும் பட்டறையில் இப்படிப்பட்ட இடங்களுக்கென்றே தண்ணீர் கேட்காத கழிப்பறை செய்கிறார்கள். சிறுநீர் முன்பக்கக் குழாயில் தனியே போய்விடும். மற்றது கீழே பெட்டியில் விழும். போய் வந்தவர் மேலே ஒரு குவளை சாம்பலும் மரத்தூளும் போட்டால் போதும், நாளடைவில் அது மண்ணாகிவிடும். அவளே யோசித்துச் செய்த பெட்டி இது. சோதனைக்காக மாமனார் வீட்டில் வைத்திருந்தாள். இங்கே தேறினால் தெருவுக்கே கிடைக்கும். தேறாவிட்டால் இந்த மாதக் கடைசியோடு பரணுக்குப் போய்விடும்.

குச்சியால் கிளறினாள். சாம்பல். இன்னும் ஆழமாகக் கிளறினாள். மரத்தூள். அதற்கும் கீழே மறுபடி சாம்பல், பால்பொடி மாதிரி உலர்ந்து கிடந்தது. வேறெதுவும் இல்லை.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். புதுப்பொருள் எது வாங்கினாலும் மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையைக் கழற்ற விடமாட்டார். மெத்தை இன்னும் உறைக்குள்தான் இருக்கிறது, அதில் படுத்தவர்கள் புரண்டால் முறுக்குத் தின்பது மாதிரிச் சத்தம் வரும். அந்த மனுஷரிடம்தான் கழிப்பறையைக் கொடுத்திருந்தாள். அவளும் புருஷனும் பட்டறைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தார்கள். வாரம் ஒருமுறை வந்து, மாமனாரிடம் வேறெப்படிக் கேட்பது என்று கூசிப்போய், “வாடை ஏதாவது வருதா மாமா?” என்று மட்டும் கேட்பாள். “துளிகூட இல்லம்மா” என்பார். அவளும் அதையே பட்டறையில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போயிருந்தாள்.

மாமியார்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விஷயத்தை உடைத்தாள். மழையோ வெயிலோ, இரண்டு பேரும் குடையைப் பிடித்துக்கொண்டு பழையபடி பாறைக்குப் பின்னால்தான் போய் வருகிறார்களாம். மாமியாருக்கு முட்டிவலி வேறு. வீட்டுக்கு வந்ததும் மாமனார் தினமும் ஒரு குவளை சாம்பல் மட்டும் தவறாமல் போட்டுவிடுவாராம்.

“பட்டறைப் பெரியவங்க வந்து பாக்கப்போற பொருள்” என்றார் மாமனார், சுவரைப் பார்த்துக்கொண்டு. “அத நாம அசிங்கம் பண்ணி வைக்கலாமா?”

“அது அதுக்குத்தானே மாமா இருக்கு?”

“நீ வாடை இருக்கான்னுதானே கேட்ட. இல்லன்னு சொன்னேன். பொய்யா சொன்னேன்?”

அழலாமா என்று யோசித்தவளுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது. சிரித்துச் சிரித்துப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பட்டறையை நடத்தும் அக்காவிடம் போனில் உண்மையைச் சொன்னாள். மாதக் கடைசியை மட்டும் தள்ளிப்போட முடியாது, அதற்குள் பெட்டி வேலை செய்து காட்டட்டும் என்றாள் அக்கா. தெருக்காரர்கள் வேண்டும் என்று சொன்னால்தான் நடக்கும் என்றும் சொன்னாள்.

மாதக் கடைசிக்குள் பெட்டியை நிரப்புவது இரண்டு பேரால் ஆகிற காரியமா? குற்றம் தன்னுடையது என்று மாமனாருக்கு உறைத்துவிட்டது. சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு அழைப்பவர் மாதிரி வீடு வீடாகப் படியேறினார். காலையில் அவசியம் வீட்டுக்கு வரவேண்டும் என்றார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, “விசேஷமெல்லாம் இல்ல. வந்து... வயித்தக் காலி பண்ணிட்டுப் போங்க” என்றார்.

முதல் நாள் யாரும் வரவில்லை. மாமனாரே உள்ளே போனார். மறுநாள் மாமியார், ஏறி இறங்க வேண்டிய பாறை இல்லை என்ற சந்தோஷத்தில் வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்புறம் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று வாசலில் வரிசையே நின்றது. “உள்ள என்ன, தூங்கிட்டீங்களா?” என்று கதவைத் தட்டுகிற அளவுக்குப் பழகிவிட்டார்கள். பூக்காரி மட்டும் வரவில்லை. நாற்றம் தன் பூக்கூடைக்கு வந்தால் தெருவையே கூட்டிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். அவள் மூக்கு பொல்லாதது. எந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தது என்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவாள்.

மாதக் கடைசியில் பட்டறை அக்கா வந்தாள். தெருவே பின்பக்கம் கூடிவிட்டது. மருமகள் திருகாணிகளைக் கழற்றினாள். கதவு திறந்தது.

“தள்ளுங்க, தள்ளுங்க. எல்லாருக்கும் முன்னாடி நான்தான்” என்று பூக்காரி வந்தாள். கூடையை மாமனார் கையில் கொடுத்தாள். கொண்டையை ஒருதரம் இறுக்கி முடிந்துகொண்டு பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள்.

அக்கா, மாமியார், வரிசையில் நின்றவர்கள் என்று எல்லார் பார்வையும் அந்த மூக்கின்மேல்தான் இருந்தது. மருமகள் மூச்சை அடக்கிக்கொண்டாள். பூக்காரி கண்ணை மூடி, தலையை உள்ளே நீட்டி, மார்பு நிமிர மூச்சை இழுத்தாள். முகம் சுளிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தாள்.