முகம் மழிக்கும் கடை

இங்கிலாந்து மன்னரின் ஆட்சியை அமெரிக்காவிலிருந்து துடைத்தெறியப்போவது பீரங்கி அல்ல. பாஸ்டன் நகரத்து ஹெசக்கையா ப்ரவுட்டின் விரல் நீள உளிதான். இதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது என்று ப்ரவுட்டே சொல்லியிருந்தார்.

செம்புத் தகட்டில் கேலிப்படம் செதுக்கி அச்சடித்து விற்பது அவர் தொழில். படத்துக்குக் கீழே நாலு வரி பாட்டு எழுதுவது கல்லூரியில் படிக்கும் என் தொழில். அவர் படத்தில் ஒரு முகம் விழுந்துவிட்டால் தகடு தேயும்வரை அதுதான் முகம். அது அவருடைய கொள்கை.

அடுத்த கடை க்ரிம்ஷாவுக்கு அப்படிக் கொள்கை எதுவும் கிடையாது. அவரிடம் குதிரை வீரன் படம் ஒன்று இருந்தது. குதிரை ஒன்றுதான், மேலே முதலில் மன்னர், பிறகு ஒரு மந்திரி, பிறகு தூக்கில் போட்ட கடல்கொள்ளைக்காரன். பழைய முகத்தைச் சுரண்டிவிட்டு, தகட்டைக் கவிழ்த்துப் பின்பக்கம் சுத்தியலால் தட்டினால் பள்ளம் மேலே எழும்பிவிடும். அதன்மேல் புது முகம். அந்த டொக் டொக் சத்தம் சுவர் வழியே கேட்கும்போதெல்லாம் ப்ரவுட் வாசலுக்குப் போய் நிற்பார்.

"என்ன க்ரிம்ஷா, இன்னிக்கு யாருக்குச் சவரம்?"

க்ரிம்ஷா பதில் சொன்னதில்லை. நான்கூட அதை வைத்து ஒரு பாட்டு எழுதி, கல்லூரியில் நல்ல பெயர் வாங்கினேன்.

தேயிலைக்கும் காகிதத்துக்கும் வரி போட்டார்கள். இங்கிலாந்துச் சரக்கை இனித் தொடுவதில்லை என்று ஊரே கையெழுத்துப் போட்டது. முதல் கையெழுத்து ப்ரவுட்டுடையது. அது மற்ற நாலு பேரின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. செம்புத் தகடும் இங்கிலாந்துச் சரக்குதான் என்பது கையெழுத்தின் மை காய்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு புதுத் தகடு.

அதில்தான் அவர் லெமுவேல் திராஷரைச் செதுக்கினார். திராஷர் பெரிய வணிகர், விடுதலைக் கூட்டங்களில் பெரிய குரல், அதைவிடப் பெரிய தொப்பை. படத்தில் அவர் ஒரு காலை வரி அதிகாரியான பன்றிமேல் வைத்து, தேயிலைப் பெட்டியைக் கடலில் வீசிக்கொண்டிருந்தார். படம் கடை ஜன்னலில் தொங்கியது, சாராயக்கடைகளிலும் தொங்கியது.

ஒரு வியாழக்கிழமை காலையில் ப்ரவுட்டின் மனைவி மெஹிடபெல் துறைமுகத்திலிருந்து மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். மீனைக் கழுவத் தொட்டியில் போட்டபிறகுதான் பேசினாள். திராஷரின் கிடங்கில் சர்க்கரை மூட்டைகளுக்கு அடியில் இங்கிலாந்துத் தேயிலை அகப்பட்டுவிட்டதாம். திராஷர் படகேறி கவர்னரின் தீவுக் கோட்டைக்கு ஓடிவிட்டாராம். அவர் அகப்படாததால், துரோகி என்று அவர் மேல் ஊற்றக் காய்ச்சிய தாரும் அதன்மேல் ஒட்டக் கொண்டுவந்த இறகு மூட்டையும் அப்படியே மிச்சமாம்.

"அவனை மகான் ஆக்கினது யாருன்னு கேட்டுக்கிட்டு தெருத்தெருவா வராங்க. கடைசியா நம்ம தெருதான்."

ப்ரவுட் ஜன்னலிலிருந்து படத்தை எடுத்தார். வெறும் ஜன்னலைப் பார்த்தார். அதுவே ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி இருந்தது.

"யாரு இப்ப நல்லவங்க?" என்று என்னைக் கேட்டார்.

டாக்டர் பெலெக் வின் என்றேன். நேற்றுவரை நல்லவர்தான், இன்று காலை நான் விசாரிக்கவில்லை.

ப்ரவுட் கதவைச் சாத்தினார். அவரிடம் சுரண்டும் கத்தி இருந்தது. கொள்கை காரணமாகச் சுத்தியல் இல்லை. மெஹிடபெல் பக்கத்துக் கடைக்குப் போய் வாங்கி வந்தாள்.

"க்ரிம்ஷா ஒண்ணுமே கேக்கலை. சோப்பும் வேணுமான்னு மட்டும் கேட்டார்."

ப்ரவுட் தகட்டைக் கவிழ்த்து, மேலே துணியை மடித்துப் போட்டு, சத்தம் வராமல் தட்டினார். சத்தம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

கூட்டம் வந்து சேர்ந்தபோது ஜன்னலில் ஈரம் காயாத டாக்டர் வின் பன்றியை மிதித்துக்கொண்டிருந்தார். பாட்டில் 'திராஷர்' இருந்த இடத்தில் 'டாக்டர்' உட்கார்ந்திருந்தார். எதுகை செத்துப்போயிருந்தது, யாரும் அழவில்லை. தார் வாளியைப் பிடித்திருந்த மீனவன் மட்டும் நெடுநேரம் பார்த்தான்.

"டாக்டர் ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பாரே. இந்தத் தொப்பை யாரோடது?"

தொப்பையைச் சுரண்ட மூன்று நாளாகும், நேரம் இருக்கவில்லை. மெஹிடபெல் என்னைப் பார்த்தாள். நான் வாளியைப் பார்த்தேன்.

"அது நாட்டோடதுப்பா," என்றார் ப்ரவுட், கண் இமைக்காமல். "வரி ஒழிஞ்சா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

கூட்டம் ஆரவாரம் செய்தது. மீனவன் இரண்டு படம் வாங்கினான். ஒன்றில் கை பட்டுத் தார் ஒட்டிக்கொண்டது.

அவர்கள் போனபின் தகட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். பன்றியிலும் கடலிலும் தொப்பையிலும் நகம் மாட்டியது. டாக்டரின் முகத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு போனது.

"இங்க மட்டும் ஆழமே இல்லையே, ஐயா?"

ப்ரவுட் க்ரிம்ஷாவின் சுத்தியலை மாட்ட, கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்துச் சுவரில் ஓர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.